எந்த மாநிலம் என்று மகளிடம் கேட்டீர்களா?

கேள்வி: நாங்கள் 22 வருடமாக சான் ஹோசேயில் இருக்கிறோம். நானும் மனைவியும் சாஃப்ட்வேர். மகள் யூசி டேவிஸில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தவள், போன மாதம் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பொலிடிகல் சயின்ஸுக்கு மாறிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "லா படித்து ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் ஜஸ்டிஸ் ஆகப்போகிறேன்" என்கிறாள். மதுரையில் வக்கீலாக இருக்கும் என் அண்ணன், "முன்சீப் பரீட்சை மாதிரி அங்கேயும் ஏதாவது இருக்கும், விசாரி" என்கிறார். அப்படிப் பரீட்சை உண்டா? எத்தனை வருடம் ஆகும்? ஹார்வர்டு, யேல் என்று கிழக்கே அனுப்பினால்தான் நடக்குமா? நம் பெயரையும் நிறத்தையும் வைத்துக்கொண்டு இது சாத்தியமா? சம்பளம் எப்படி? இதை ஒரு கரியர் என்று நம்பி இறங்கலாமா?
– ஒரு தந்தை, சான் ஹோசே

பதில்:

அன்புள்ள ஐயா,

பரீட்சை கிடையாது. அதை முதலில் அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் சட்டம் படித்த ஒருவர் தேர்வு எழுதி சிவில் நீதிபதியாகி, ஜில்லா கோர்ட் வரை போய், யோகம் இருந்தால் ஹைகோர்ட்டிலும் உட்காரலாம். அல்லது வக்கீலாகவே நின்று பெயர் வாங்கி, கொலீஜியத்தின் கண்ணில் படலாம். அமெரிக்காவில் அந்த முதல் வழி இல்லவே இல்லை. 25 வயதில் நீதிபதி வேலைக்கு இங்கே யாரும் ஆள் எடுப்பதில்லை. எல்லோருக்கும் தொடக்கம் வக்கீல் தொழில்தான். பிறகு ஒருநாள், பெரும்பாலும் 45 வயதுக்கு மேல், கவர்னரோ ஒரு கமிட்டியோ சட்டமன்றமோ வாக்காளர்களோ கூப்பிடுவார்கள். கூப்பிடாமலும் போவார்கள்.

வருடக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்குக் கல்லூரி இன்னும் 2 வருடம், சட்டக் கல்லூரி 3 வருடம், அதற்குப் பிறகு வக்கீலாவதற்கான பார் தேர்வு. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்குப் போக குறைந்தது 10 வருடம் இந்த மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது இங்கே நீதிபதியாக இருந்திருக்க வேண்டும். ஆக, காகிதத்தில் 35 வயதுக்கு மேல் தகுதி வந்துவிடும். நடைமுறையில் 38 வயதில் அந்த நாற்காலிக்கு வந்த லியாண்ட்ரா க்ரூகரைப் பற்றி இன்னமும் ஆச்சரியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் போட வேண்டியது 30 வருடக் கணக்கு.

இனி உங்கள் கேள்விகளுக்கு முன்னால் நான் கேட்க வேண்டிய ஒன்று. ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் என்று மகள் சொன்னாளே, எந்த ஸ்டேட்?

நான் வம்புக்குக் கேட்கவில்லை. என்னிடம் வரும் மாணவர்கள் பத்தில் எட்டுப் பேர் இதை யோசித்திருப்பதே இல்லை. 50 மாநிலங்களுக்கும் தனித்தனி உச்ச நீதிமன்றம். நாற்காலிக்குப் போகும் வழியும் ஒவ்வொன்றிலும் வேறு. மாசசூசெட்ஸில் கவர்னர் பெயரைச் சொல்ல, கவர்னர் கவுன்சில் ஒப்புக்கொண்டால் 70 வயது வரை யாரும் அசைக்க முடியாது. ரோட் ஐலண்டில் ஆயுள் முழுக்க. வர்ஜீனியாவிலும் சவுத் கரோலினாவிலும் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கிறது. டெக்சஸில் நம்மூர் எம்எல்ஏ மாதிரி கட்சிச் சீட்டில் நின்று ஓட்டுக் கேட்க வேண்டும், அதுவும் 6 வருடத்துக்கு ஒருமுறை. இன்றைய டெக்சஸ் கவர்னர் கிரெக் அபாட் 1996 முதல் 2001 வரை அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். அங்கே நீதிமன்றத்துக்கும் அரசியலுக்கும் இடையில் உள்ள கதவு இரண்டு பக்கமும் திறக்கும். அதே டெக்சஸில் கிரிமினல் வழக்குகளுக்குத் தனியாக இன்னொரு உச்ச அமைப்பு வேறு இருக்கிறது. நியூயார்க்கோ இன்னும் வேடிக்கை. அங்கே 'சுப்ரீம் கோர்ட்' என்றால் விசாரணை நீதிமன்றம், நம்ம ஜில்லா கோர்ட் மாதிரி. மாநிலத்தின் உச்ச அமைப்புக்கு அங்கே 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்' என்று பெயர். "நியூயார்க் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆகிவிட்டார்" என்று யாராவது வாட்ஸப்பில் போட்டால், எந்தக் கோர்ட் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்லுங்கள்.

மாநிலம் மாறினால் தொழிலே மாறிவிடுகிறது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். டெக்சஸில் நீதிபதியாக ஆசைப்படுபவருக்கு மேடைப் பேச்சும் நன்கொடை திரட்டும் சாமர்த்தியமும் வேண்டும். மாசசூசெட்ஸில் அதற்கு வேலையே இல்லை. உங்கள் மகள் கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவள் என்பதால், மாற்றிச் சொல்லும்வரை கலிஃபோர்னியா என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த நீதிமன்றம் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது செய்ததை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள். 22 வருடத்தில் நீங்கள் ஒரு கம்பெனியிலிருந்து அடுத்த தெருவில் இருக்கும் போட்டிக் கம்பெனிக்கு எத்தனை முறை தாவியிருப்பீர்கள்? 'ஒரு வருடம் போட்டியாளரிடம் வேலை செய்ய மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கி, அதைக் காட்டி உங்களை யாரும் நிறுத்தவில்லையே, ஏன்? அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872இலிருந்தே கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. கட்டுப்பாடு சிறியதாக இருந்தால் செல்லும் என்று சில கோர்ட்டுகள் அதில் ஓட்டை போடப் பார்த்தன. 2008இல் எட்வர்ட்ஸ் – ஆர்தர் ஆண்டர்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. சிலிக்கான் வேலியில் ஆட்கள் கம்பெனி கம்பெனியாக மாறுவதற்குப் பின்னால் அந்த நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் எழுதிய சில பக்கங்களும் இருக்கின்றன. ஊபர் ஓட்டுபவர் தொழிலாளியா, தனி ஒப்பந்தக்காரரா என்று பின்னால் நடந்த பெரிய சண்டைக்கு விதை போட்டதும் இதே நீதிமன்றத்தின் 2018 டைனமெக்ஸ் தீர்ப்புதான். மாநிலச் சட்டம் என்றால் என்ன பொருள் என்பதில் இவர்கள் சொல்வதே கடைசி வார்த்தை. வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரால்கூட அதைத் திருத்த முடியாது. ஃபெடரல் சட்டத்தோடு மோதினால் மட்டும்தான் அவர்கள் உள்ளே வரலாம்.

சரி, அந்த ஏழு பேர் எப்படி வருகிறார்கள்? இப்போதைய தலைமை நீதிபதி பட்ரீசியா குரேரோ, மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோரின் மகள், இம்பீரியல் வேலியில் வளர்ந்தவர். ஃபெடரல் அரசு வக்கீலாக இருந்தார், பெரிய நிறுவனம் ஒன்றில் பார்ட்னர் ஆனார், 2013இல் சான் டியேகோ சுப்பீரியர் கோர்ட் (இங்கே விசாரணை நீதிமன்றத்துக்கு அந்தப் பெயர்), 2017இல் அப்பீல் கோர்ட், 2022இல் உச்ச நீதிமன்றம். ஒவ்வொரு படியாக ஏறியவர். க்ரூகரோ ஒருநாள்கூடக் கீழ்க் கோர்ட்டில் உட்கார்ந்ததில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுக்காக 12 வழக்குகள் வாதாடிவிட்டு நேராக வந்தார். குட்வின் லியூ பெர்க்லியில் சட்டப் பேராசிரியர். ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுக்கு ஒபாமா அவர் பெயரைச் சொல்ல, செனட் முட்டுக்கட்டை போட, 2011இல் அப்போதைய கவர்னர் ஜெர்ரி பிரவுன் இங்கே கூப்பிட்டுக்கொண்டார். ஜோஷுவா க்ரோபன், அதே பிரவுனுக்கு நீதிபதி நியமனங்களில் ஆலோசகராக இருந்தவர்; நூற்றுக்கணக்கான பேரை நாற்காலியில் உட்கார வைத்த பிறகு தானும் ஒன்றில் உட்கார்ந்தார். நான்கு பேர், நான்கு வழி. இதில் எதைப் பாடத்திட்டமாக்கி உங்கள் மகளிடம் கொடுப்பது?

எனக்குப் பிடித்த கதை இவர்களுக்கும் முந்தையது. ஜாய்ஸ் கென்னார்டு இந்தோனேசியாவில் பிறந்தவர். அப்பா ஜப்பானியரின் முகாமில் இறந்துபோனார். ஜாய்ஸ் நோயால் இளவயதிலேயே ஒரு காலின் பகுதியை இழந்தார். 1961இல் அமெரிக்கா வந்து லாஸ் ஏஞ்சல்ஸில் செக்ரட்டரி வேலை பார்த்தார். அதற்குப் பிறகுதான் கல்லூரி, அதற்குப் பிறகு சட்டம். பல வருடம் அப்பீல் கோர்ட்டின் பின்னறையில் ஆராய்ச்சி வக்கீலாக, இன்னொருவர் பெயரில் வெளிவரும் தீர்ப்புகளுக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்தார். 1986இல் முனிசிபல் கோர்ட் நீதிபதி. அடுத்த வருடம் சுப்பீரியர் கோர்ட். அதற்கடுத்த வருடம் அப்பீல் கோர்ட். 1989இல் உச்ச நீதிமன்றம். மூன்றே வருடத்தில் நாலு கோர்ட்! வெளியிலிருந்து பார்த்தால் லாட்டரி. பின்னறையில் எழுதிய அத்தனை வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். 2014 வரை அங்கே இருந்தார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கட்டம் உண்டு. அதை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் கவர்னர் ஒருவரை நீதிபதியாக்க நினைத்தால், முதலில் பெயரை வக்கீல்களின் பதிவு அமைப்பான ஸ்டேட் பாரின் மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் பேச்சுவழக்கில் 'ஜென்னி' என்போம். அந்தக் குழு, அவரைத் தெரிந்த வக்கீல்கள், நீதிபதிகள் என்று ஏகப்பட்ட பேருக்கு ரகசியப் படிவம் அனுப்பும். அவரோடு வேலை செய்தவர்களுக்கு மட்டுமல்ல, அவரை எதிர்த்து வழக்காடியவர்களுக்கும் போகும். சட்ட அறிவு எப்படி, குணம் எப்படி, நேர்மை எப்படி, பாரபட்சம் உண்டா என்று கேட்டிருக்கும்.

சில வருடம் முன்பு ஒருநாள் எனக்கும் அப்படி ஒன்று வந்தது. யாரைப் பற்றி என்று சொல்லக் கூடாது. ஒரு வழக்கில் என்னைத் தோற்கடித்தவர் என்பதை மட்டும் சொல்லலாம். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவருடைய வாதத் திறமை பற்றி இரண்டு வரி எழுதினேன். பிறகு நினைவுக்கு வந்தது வேறு. அந்த வழக்கு நடக்கும்போது திருச்சியில் என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். மனு தாக்கல் செய்ய நான் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். மறுத்திருந்தால் அவர் கட்சிக்காரருக்கு லாபம். சட்டப்படி மறுக்கவும் முடியும். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஒப்புக்கொள்கிறேன். அம்மாவைக் கவனியுங்கள்." அன்று அந்தப் படிவத்தில் நான் நீளமாக எழுதியது அதைப் பற்றித்தான்.

உங்கள் மகளுக்கு இதை அப்படியே சொல்லுங்கள். 25 வயதில் அவள் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு எழுதும் மின்னஞ்சல், 50 வயதில் அவளைப் பற்றி வரும் படிவத்தில் திரும்பி வரும். அதனால்தான் ஒரே மாநிலத்தில் வேர் விட வேண்டும் என்கிறேன். நியூயார்க்கில் 7 வருடம், சிகாகோவில் 5 வருடம், பிறகு ஊர் திரும்பலாம் என்று சுற்றினால் பயோடேட்டா மினுங்கும். படிவத்தை நிரப்பத்தான் ஆள் இருக்காது.

ஹார்வர்டு, யேல் கேள்விக்கும் பாதி பதில் இதிலேயே வந்துவிட்டது. க்ரூகரும் லியூவும் யேல்காரர்கள், உண்மைதான். கூடவே இதையும் பாருங்கள். குரேரோவுக்கு முன் 2011 முதல் 12 வருடம் கலிஃபோர்னியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர் டானி கான்டில்-சகாவே. ஃபிலிப்பினோ வம்சாவளி, பண்ணைக் கூலி வேலை பார்த்த குடும்பம். படித்தது எங்கே தெரியுமா? இளங்கலையும் சட்டமும் யூசி டேவிஸ்! உங்கள் மகள் இப்போது சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும் அதே வளாகம். சட்டம் படித்து முடித்த கையோடு ரீனோவில் சூதாட்ட மேஜையில் சீட்டுப் போட்டுப் பிழைத்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. பிறகு சாக்ரமென்டோவில் அரசு வக்கீல், கவர்னர் அலுவலகம், முனிசிபல் கோர்ட், சுப்பீரியர் கோர்ட், அப்பீல் கோர்ட் என்று போனார். இப்போது அந்த பெஞ்சில் இருக்கும் கெல்லி எவன்ஸும் டேவிஸில் சட்டம் படித்தவரே. யேலில் இடம் கிடைத்தால் போகட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பெரிய தனியார் சட்டக் கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. அந்தக் கடன் கழுத்தில் இருந்தால் பத்து வருடத்துக்குப் பெரிய நிறுவனங்களை விட்டு நகர முடியாது. அரசு வேலை, பொதுநல வேலை எல்லாம் எட்டாக்கனி. நீதிபதிகள் அதிகம் வருவதோ அந்த வேலைகளிலிருந்து.

இனி ஓட்டு. இந்த விஷயத்தில் உங்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நீங்களும் செய்திருப்பீர்கள் என்ற சந்தேகத்தில்தான். 2022 நவம்பர் வாக்குச்சீட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நான்கு பேரின் பெயர் இருந்தது. இன்னாரைச் சட்டம் சொல்லும் காலத்துக்குப் பதவியில் தேர்ந்தெடுக்கலாமா, ஆம் அல்லது இல்லை. எதிர் வேட்பாளர் கிடையாது. நம் வீடுகளில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பகுதியைக் காலியாக விட்டுவிட்டுத் தபாலில் போட்டுவிடுவார்கள். இங்கே கவர்னர் நியமித்தாலும், அடுத்த கவர்னர் தேர்தலில் மக்கள் 'ஆம்' சொல்ல வேண்டும். முழுப் பதவிக்காலம் 12 வருடம். அது முடிந்தால் மறுபடியும் கேட்க வேண்டும்.

இது சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை 1986 எழுப்பிவிட்டது. ரோஸ் பேர்டு, கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, முதல் பெண் தலைமை நீதிபதி. அவர் முன் வந்த அறுபதுக்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் ஒன்றில்கூடத் தண்டனையை உறுதி செய்யவில்லை. அதை வைத்தே பெரிய பிரச்சாரம் நடந்தது. அவரும், கூடவே க்ரூஸ் ரெனோசோ, ஜோசப் க்ரோடின் இருவரும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பேர்டு அதன்பின் நீதிபதி நாற்காலியில் உட்காரவே இல்லை, 1999இல் காலமானார். கலிஃபோர்னியாவில் அதற்குப் பிறகு யாரும் அப்படித் தோற்கவில்லை. அயோவாவில் தோற்றார்கள். ஒரே பாலினத் திருமணத்தை 2009இல் அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏழு பேரும் ஒருமனதாக அனுமதித்தார்கள். அடுத்த வருடம் வாக்குச்சீட்டில் பெயர் வந்த மூவரும் போனார்கள். தீர்ப்பு சட்டப்படி சரியா தவறா என்று அங்கே யாரும் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை.

போட்டித் தேர்தல் நடக்கும் மாநிலங்களின் கதை இதைவிடச் சூடு. விஸ்கான்சினில் 2025 ஏப்ரலில் ஒரே ஒரு நாற்காலிக்கு இரு தரப்பும் சேர்ந்து செலவழித்தது 10 கோடி டாலருக்கு மேல். எலான் மஸ்க் கிரீன் பேக்கு வந்து மேடையிலேயே 10 லட்சம் டாலர் காசோலைகளை நீட்டினார். அவர் ஆதரித்தவர் தோற்றார். சூசன் க்ராஃபர்டு ஜெயித்தார். திருமங்கலம் இடைத்தேர்தலைப் பார்த்த நமக்கே கொஞ்சம் தலை சுற்றும். நார்த் கரோலினாவில் 2024 தேர்தலில் ஆலிசன் ரிக்ஸ் ஜெயித்தது 734 ஓட்டில். எதிராளி பல்லாயிரம் ஓட்டுகளைச் செல்லாததாக்கக் கேட்டு வழக்குப் போட்டு, அது முடிய ஆறு மாதம் ஆயிற்று. தன் நாற்காலிக்காகத் தானே கட்சிக்காரராகக் கோர்ட் வாசலில் நிற்கும் நீதிபதி! வேறு மாநிலத்துக்குப் போகிறேன் என்று மகள் சொன்னால், இந்த வெயிலைத் தாங்குவாயா என்று கேளுங்கள். தாங்குபவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியாது.

பெயர், நிறம் பற்றிக் கேட்டீர்கள். முப்பது வருடம் முன்பு கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். வாஷிங்டன் டிசி ஃபெடரல் அப்பீல் கோர்ட்டின் தலைமை நீதிபதி ஸ்ரீ சீனிவாசனின் குடும்ப வேர் திருநெல்வேலிப் பக்கம். 2013இல் செனட் அவரை 97–0 என்று ஒப்புக்கொண்டது. அவர் ஃபெடரல், நீங்கள் கேட்பது மாநிலம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் கதவு பூட்டியிருக்கவில்லை என்பதற்கு அது போதும். கலிஃபோர்னியாவின் 58 கவுன்ட்டிகளின் சுப்பீரியர் கோர்ட்டுகளில் இந்தியப் பெயர்களைப் பார்ப்பது இப்போது அதிசயமில்லை. நம் பிள்ளைகளுக்கு எதிராக நிற்பது நிறத்தைவிட இன்னொன்று: அப்பாவின் நண்பர் வட்டத்தில் வக்கீலே இல்லாதது. சட்டம் படிக்கும் பெண்ணுக்கு முதல் கோடையில் யாரைக் கேட்பது என்றே தெரியாது. அதற்குத் தெற்காசிய வக்கீல் சங்கங்கள் இருக்கின்றன. மாணவர்கள் தயங்காமல் போகலாம்.

சம்பளம். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு வருடத்துக்கு 3 லட்சம் டாலர் அளவில். கேட்க நன்றாக இருக்கும். பெரிய நிறுவனங்களில் கல்லூரியிலிருந்து நேற்று வந்த பையனுக்கே ஆரம்பச் சம்பளம் 2,25,000 டாலர். பல மாநிலங்களில் உச்ச நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் அந்தப் பையனுடையதைவிடக் குறைவு. பணத்துக்காக யாரும் இங்கே வருவதில்லை.

சம்பளத்தில் ஒரு சுவாரசியம் உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. வாதம் முடிந்து வழக்கு தீர்ப்புக்கு ஒப்படைக்கப்பட்ட 90 நாளுக்குள் தீர்ப்பு வராவிட்டால், வரும்வரை நீதிபதிக்குச் சம்பளம் கிடையாது. கலிஃபோர்னிய அரசியல் சாசனமே அப்படிச் சொல்கிறது. நிலுவை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம் வரும். நம்மூரில் 'தீர்ப்பு ஒத்திவைப்பு' என்று வருடக்கணக்கில் கிடப்பதைப் பார்த்த அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள், நம்ப மாட்டார். இந்த 90 நாளுக்குப் பயந்தே, வாதத்துக்கு முன்பாகவே வரைவு தயாராகிவிடுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ மெக்அலிஸ்டர் தெருவில் நான் முதல்முறை வாதாடப் போனபோது 30 நிமிடத்துக்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியம் முடியவில்லை, கேள்வி வந்துவிட்டது. என் மனுவில் ஓர் அடிக்குறிப்பில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு எட்டு நிமிடம். எழுதி முடித்துவிட்ட தீர்ப்பில் எங்கே கசிகிறது என்று தட்டிப் பார்க்கிறார்கள் என்பது வெளியே வந்து காபி குடிக்கும்போதுதான் உறைத்தது.

அவர்களுடைய வேலை நாள் பெரும்பாலும் கதவு சாத்திய அறையில் படிப்பும் எழுத்தும்தான். புதன்கிழமை தோறும் ஏழு பேரும் கூடி, எந்த மனுவை எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் மனு வரும். அண்மைக் காலத்தில் எழுதப்படும் தீர்ப்புகளோ ஐம்பது, அறுபது. மரண தண்டனை வழக்குகள் மட்டும் நேராக இங்கேயே வந்துவிடும்; அந்தக் கட்டுகள் அலமாரி அலமாரியாக இருக்கும். சத்தமும் கூட்டமும் பிடித்த பெண் என்றால் விசாரணை நீதிமன்றமே அவளுக்குப் பொருத்தம். அப்பீல் பக்கம் மூச்சு முட்டும்.

வீட்டுக்கும் சில கட்டுப்பாடுகள் வரும். தமிழ்ச் சங்கத்துக்கு நிதி கேட்டு நாலு பேருக்குப் போன் போட முடியாது. வாட்ஸப்பில் அரசியல் கூடாது. வருடா வருடம் சொத்துக் கணக்கு காட்ட வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வழக்கில் ஒரு தரப்பாக இருக்கும் கம்பெனியில் நீதிபதிக்கோ கணவருக்கோ 1,500 டாலருக்கு மேல் பங்கு இருந்தால் அந்த வழக்கிலிருந்து விலக வேண்டும். உங்கள் வருங்கால மாப்பிள்ளை கூகுளில் ஆர்எஸ்யூ (சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்கு) சேர்த்து வைத்திருக்கும் பையனாக அமைந்தால் எத்தனை வழக்கில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டை மறந்தவர்களும் உண்டு. வெஸ்ட் வர்ஜீனியாவில் ஒரு தலைமை நீதிபதியின் அறைக்கு அரசுப் பணத்தில் 32,000 டாலருக்கு சோபா வாங்கப்பட்டது. விஷயம் வெளியே வந்து, 2018இல் பதவியில் மிஞ்சியிருந்த நீதிபதிகள் அத்தனை பேர் மீதும் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. அந்தத் தலைமை நீதிபதி வேறு குற்றங்களுக்காகச் சிறைக்கே போனார்.

கடைசியாக, கரியர் என்று நம்பி இறங்கலாமா? நாற்காலியை நம்பி இறங்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் வக்கீல்கள் சுமார் 2 லட்சம் பேர். நாற்காலி ஏழு. ஒன்று எப்போது காலியாகும், அன்று கவர்னர் யார், அவர் எந்தக் கட்சி, எப்படிப்பட்ட ஆளைத் தேடுகிறார், இதில் ஒன்றும் உங்கள் மகள் கையில் இல்லை. அவள் கையில் இருப்பது அப்பீல் வக்கீல் தொழில். அதை நம்பித் தாராளமாக இறங்கலாம். நாற்காலி வராமலே போனாலும் 40 வருடம் சோறு போடும், மரியாதையும் தரும். அதற்கு வேண்டியது எழுத்து. சட்டக் கல்லூரியில் சட்ட இதழில் இடம் பிடிக்கட்டும். முடித்ததும் ஒரு வருடம் ஏதாவது ஒரு நீதிபதியிடம் கிளார்க்ஷிப், அதாவது அவருக்கு ஆராய்ச்சி செய்து தீர்ப்பு வரைவுக்கு உதவும் வேலை. (அண்ணனிடம் இந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள், வக்கீல் குமாஸ்தா என்று நினைத்துக்கொள்வார். இங்கே அது கிடைப்பதற்கு அடிதடி நடக்கும்.) பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், மேல்முறையீட்டுக்கான அரசு பப்ளிக் டிஃபென்டர், அல்லது கென்னார்டு மாதிரி கோர்ட்டின் ஆராய்ச்சி வக்கீல் வேலை. இதில் எதைச் செய்தாலும் வருடத்துக்குப் பல நூறு பக்கம் எழுதியாக வேண்டும்.

பொலிடிகல் சயின்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். சட்டக் கல்லூரி எந்தப் பட்டம் என்று பார்ப்பதில்லை. மதிப்பெண்ணையும் எல்சாட் என்ற நுழைவுத் தேர்வையும் பார்க்கும். ஒரு சின்ன வருத்தம் மட்டும்: கம்ப்யூட்டர் சயின்ஸை முழுசாக விட்டிருக்க வேண்டாம். இனி வரும் வழக்குகளில் பாதி அதைச் சுற்றித்தான் வரப்போகிறது. மைனராகவாவது வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டாள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

டேவிஸிலிருந்து சாக்ரமென்டோ அரை மணி நேரத்துக்குள். உச்ச நீதிமன்றம் சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ் தவிர அங்கேயும் வந்து அமரும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், காசு கிடையாது. கோர்ட் தளத்தில் தேதி இருக்கும். அன்று வரும் ஒரு வழக்கின் மனுக்களை அவள் முதல் நாள் இரவே படித்துவிட்டுப் போகட்டும். நீங்களும் ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போங்கள். போனை அணைத்து வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் கேட்காதீர்கள். திரும்பி வரும்போது காரில் அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.